‘பிள்ளை புடிக்கிற மிஸ்’ உண்மையில் என்ன செய்கிறார்?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொண்டு நிறுவனமொன்றின் பெயர் ஒட்டிய வாகனம் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து முனையில் வந்து நின்றால் போதும், அது திரும்பிப் போவதற்குள் மூன்று கதை கிளம்பிவிடும். ‘பிள்ளைய ஹோமுக்குக் கொண்டு போகப் போறாங்க.’ ‘சாமான் குடுக்கப் பேர் பதியிறாங்க.’ ‘அவன பொலிசுல புடிச்சிக் குடுக்க வந்திருக்காங்க.’ வந்தவர் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் என்றால் மூன்றுமே பிழை. இந்தப் பிழைக்கு விலையும் உண்டு. ‘பிள்ளை புடிக்கிற மிஸ்’ என்ற பெயரைத் தந்த முதல் கதையை நம்பும் தாய் வாய் திறக்க மாட்டார். இரண்டாவதை நம்புகிறவர் இல்லாத கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்வார். மூன்றாவதை நம்பும் தகப்பன், வந்தவர் போனதும் ‘என்னடி சொன்ன?’ என்று பிள்ளை மேல் பாய்வார்.

ஆகவே அந்த வேலை என்ன, எதுவரை, எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே மாதிரிப் பெயர், வேறு வேறு கதிரை

குழப்பத்தில் பாதி பதவிப் பெயர்களால் வருவது. பிள்ளைகளின் விடயத்தைப் பார்க்கும் அரச உத்தியோகத்தர்களே பலர். நன்னடத்தை உத்தியோகத்தர் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்; பிள்ளையைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான். சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பவர். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் களத்தில் சொந்த ஆட்கள் உண்டு. பொலிஸில் சிறுவர், மகளிர் பணியகம் தனி.

இந்த வரிசையின் ஓரத்தில் நிற்பவர்தான் நாம் பேசும் ஆள்: மனிதாபிமான நிறுவனத்தின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர். மனிதாபிமான நிறுவனம் என்பது அனர்த்தம், போர், இடம்பெயர்வு போன்ற நேரங்களில் மக்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு. அதன் ஊழியருக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க ஆணையிடுவது நீதவான். அதற்கு அடிப்படை 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். நிறுவன ஊழியர் தன் எண்ணப்படி பிள்ளையை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனால் ஆட்கடத்தல் முறைப்பாட்டுக்கு அவரே பதில் சொல்ல வேண்டி வரும்.

அதிகாரம் இல்லாத ஆளுக்கு அங்கே என்ன வேலை? இங்கேதான் பைப் கதை வருகிறது.

தண்ணீர் வராவிட்டால் யார் மேலே ஏறுகிறார்?

பல தோட்டங்களில் மலை மேலுள்ள ஊற்றிலிருந்து கறுப்புப் பைப் வழியாகத்தான் லயத்துக்குத் தண்ணீர். ஒரு நாள் பீலியில் தண்ணீர் நின்றுவிடும். ஊற்று வற்றவில்லை, தொட்டியும் உடையவில்லை. நடுவில் எங்கோ ஒரு மூட்டு கழன்றிருக்கும், அல்லது இலை அடைத்திருக்கும். யாராவது ஒருவர் பைப் போகும் வழியிலேயே ஏறிப்போய், தடவித் தடவிப் பார்த்து, கழன்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் அப்படி ஏறிப் போகிறவர். பாடசாலை இருக்கிறது, வைத்தியசாலை இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இவற்றுக்கும் குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்கும் நடுவில் எங்கே கழன்றிருக்கிறது என்று பார்த்து மாட்டிவிடுவதும், மாட்டியது தாங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. ஊற்று அவருடையதல்ல. பைப்பும் அவருடையதல்ல.

இதுவரை: அவரால் பிள்ளையைப் பிரிக்க முடியாது, ஆளைக் கைது செய்ய முடியாது. சாமான் பகிர்வு நிறுவனத்தின் வேறு பிரிவின் வேலை. இவர் தனிப் பிள்ளை ஒன்றுக்கு உரிய சேவை போய்ச் சேரும் வழியைத் திறப்பவர்.

எதிலிருந்து பாதுகாப்பு?

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் சிறுவர். ‘பாதுகாப்பு’ என்பது இந்தத் துறையில் நான்கு விடயங்களைத் தடுப்பதும், நடந்துவிட்டால் அதற்குப் பதில் செய்வதும். வன்முறை என்றால் அடி, உதை, மிரட்டல். துஷ்பிரயோகம் என்பது பிள்ளை மேல் தனக்குள்ள பிடியையோ பிள்ளையின் நம்பிக்கையையோ பயன்படுத்தி உடலாலோ மனதாலோ பாலியலாலோ கெடுப்பது. சுரண்டல் என்பது பிள்ளையை வைத்து இன்னொருவர் லாபம் பார்ப்பது. கொடுக்க முடிந்தும் உணவு, மருந்து, படிப்பு, கவனிப்பு எதையும் கொடுக்காமல் விடுவது புறக்கணிப்பு.

அந்தக் கடைசி வரியில் ‘முடிந்தும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சப்பாத்து இல்லாமல் பாடசாலைக்கு வரும் பிள்ளை புறக்கணிக்கப்பட்ட பிள்ளை ஆகிவிடாது. வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவைப்பது புதியவர்கள் செய்யும் மிக மோசமான தவறு. சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அடுத்த சொல் இடர். ஒரு பிள்ளைக்குக் கேடு நேரக்கூடிய வாய்ப்புத்தான் இடர். தேயிலை மலையில் கானு (வடிகால்) வெட்டுவது ஏன் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை எப்படியும் பெய்யும். கானு திறந்திருந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஒரு கானு அடைபட்டால் மலை பொறுத்துக்கொள்ளும். மூன்று கானு அடைபட்டு அதே இரவில் பெருமழையும் பிடித்தால் மலை இறங்கும்.

பிள்ளையின் வாழ்க்கையிலும் மழை வந்துகொண்டேதான் இருக்கும். தாய் வெளிநாடு போவார், தகப்பனுக்கு வேலை நாள் குறையும். கானு என்பது பக்கத்துக் காம்பரா (லயத்து அறை வீடு) அத்தை, விடாமல் விசாரிக்கும் ஆசிரியர், சுகமாக இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா). உத்தியோகத்தர் மழையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலைதான் ஆயிற்று. எத்தனை கானு இன்னும் திறந்திருக்கிறது என்பதும் குறிப்பில் வர வேண்டும், ஏனென்றால் திட்டம் அந்தத் திறந்த கானுக்களின் மேல்தான் கட்டப்படும்.

ஒரு கேஸ், ஆறு படி

ஒரு பிள்ளையின் விடயத்தை ஒரே ஆள் பொறுப்பேற்று, தொடக்கத்திலிருந்து முடிவுவரை முறையாகக் கொண்டுபோவதை விடய முகாமைத்துவம் (case management) என்பார்கள். களத்தில் எல்லோரும் சொல்வது ‘கேஸ்’. உலகெங்கும் மனிதாபிமான அமைப்புகள் இதை ஆறு படியாகச் செய்கின்றன. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்: தரம் 8 இல் படிக்கும் 13 வயதுப் பெண் பிள்ளை, மூன்று வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. வகுப்பாசிரியர் சொல்லி அனுப்புகிறார்.

முதற்படி அடையாளம் கண்டு பதிதல். பதியும்போதே அவசரம் எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும். பல அமைப்புகள் வைத்திருக்கும் கணக்கு: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும், நடுத்தரம் என்றால் மூன்று நாள், குறைவு என்றால் ஒரு வாரம். இந்தப் பிள்ளைக்கு நடுத்தரம் என்று போடலாம்.

இரண்டாம் படி மதிப்பீடு. நேரில் போய் நிலைமையைப் பார்ப்பது. காலை பத்து மணிக்குப் போனால் பெரியவர்கள் மலையில் இருப்பார்கள். சம்பள நாள் மாலையில் போனால் சில வீடுகளில் பேசவே முடியாது. கொழுந்து நிறுத்து முடிந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடிக்கும் நேரம் சரி. ‘வீட்டுல ஏதும் பிரச்சினையா?’ என்று கேட்டால் ‘ஒன்னும் இல்ல’ என்றுதான் பதில் வரும். யார் சமைக்கிறார், இரவில் யார் யார் எந்த இடத்தில் படுக்கிறார்கள், அப்பா எந்தக் கிழமையில் வருவார், காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவார் என்று கேட்டால் வீடு கண் முன்னே வரும்.

அப்படிக் கேட்டதில் தெரிவது இது. தாய் குவைத்தில். தகப்பன் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு முறை வருகிறார். அம்மாயி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். நாலு வயதுத் தம்பியைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விடலாம் என்றால் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கத் தயங்குகிறார்கள். அதனால் அக்கா வீட்டில். இதற்கிடையில் ஒருவர் வந்து ‘கொழும்புல நல்ல வீடு, பிள்ளையப் பாத்துக்கிட்டா போதும்’ என்று அம்மாயியிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கடைசித் தகவல் வந்ததும் கேஸ் நடுத்தரத்திலிருந்து மேலே ஏறிவிடும். 2021 இலிருந்து இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 16. கட்டாயக் கல்வியும் 16 வயதுவரை.

மூன்றாம் படி திட்டம். ‘குடும்பத்துக்கு விழிப்புணர்வு ஊட்டப்படும்’ என்று எழுதுவது திட்டம் ஆகாது. யார், என்ன, எந்தத் திகதிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். தம்பியின் பிறப்புப் பதிவுக்கு அம்மாயியுடன் பதிவாளரிடம் போவது நிறுவன உத்தியோகத்தர், வரும் செவ்வாய். பிள்ளை மடுவப் பொறுப்பாளரிடம் தற்காலிகமாகச் சேர்க்கக் கேட்பது குடும்பநல உத்தியோகத்தர் ஊடாக, இந்த வெள்ளி. கொழும்பு ஆள் பற்றிச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவிப்பது இன்றைக்கே. பிள்ளையிடமும் கேட்க வேண்டும். ‘போறேன் மிஸ், ஆனா கணக்கு எல்லாம் விட்டுப்போச்சு, சிரிப்பாங்க’ என்று அவள் சொன்னால் திட்டத்தில் இன்னொரு வரி கூடும்: கணக்கு ஆசிரியருடன் பேசுவது. அந்த வரி இல்லாமல் மற்றதெல்லாம் சரியாக நடந்தாலும் அவள் இரண்டு நாள் போய்விட்டு நின்றுவிடுவாள்.

நான்காம் படி அதைச் செய்வது. இங்கே வரும் முக்கியச் சொல் ‘ரெபரல்’: தன்னால் கொடுக்க முடியாத சேவைக்காகப் பிள்ளையை உரிய இடத்துடன் இணைப்பது. அதிகம் பழுதாவது இங்கேதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ‘ரெபர் பண்ணியாச்சு’ என்று கோப்பில் எழுதுவார்கள். கடிதம் மேசையில் கிடக்கும். அம்மாயிக்குப் பஸ் காசு இருந்திருக்காது, அல்லது அந்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர் அன்று லீவு. பிள்ளை போய்ச் சேர்ந்ததா, சேவை கிடைத்ததா என்று ஒரு வாரத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அது ரெபரல்.

ஐந்தாம் படி பின்தொடர்தல். ஆறாம் படி கேஸை மூடுதல். திட்டத்தில் எழுதியது நடந்து, நிலைமை நின்று நிலைத்துவிட்டது என்று மேற்பார்வையாளரும் ஒத்துக்கொண்ட பிறகு மூடலாம். நிதி முடிந்துவிட்டது என்று மூடக் கூடாது. வேறு ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். பாதியில் கைவிடுவதைவிடத் தொடங்காமல் இருந்திருக்கலாம். ஒருவர் ஒரே நேரத்தில் 25 கேஸுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழ் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே.

இதுவரை: பதிதல், மதிப்பீடு, திட்டம், செய்தல், பின்தொடர்தல், மூடுதல். ஆறும் ஒரே ஆளின் பொறுப்பு, ஆனால் ஆறையும் அவர் தனியாகச் செய்வதில்லை.

‘மிஸ், யாருகிட்டயும் சொல்லாதீங்க’

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் ஒரு பிள்ளை இப்படித் தொடங்கும். இந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. ‘சத்தியமா சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அந்த வாக்கை மீறியே ஆக வேண்டும், அதன் பிறகு அது எந்தப் பெரியவரையும் நம்பாது. சொல்ல வேண்டியது ஏறத்தாழ இப்படி: ‘நீ சொல்றத கண்ட ஆள்கிட்ட சொல்ல மாட்டேன். ஒனக்கு ஏதும் ஆபத்துன்னா மட்டும் ஒதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும். யாருகிட்டன்னு ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’

பிறகு கேட்பது. ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்பது கேள்வி போலத் தெரிந்தாலும் பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். துருவிக் கேட்கவும் கூடாது. விசாரணை பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. பலர் பல முறை கேட்டால் பிள்ளை ஒவ்வொரு முறையும் அதே வேதனைக்குள் போகும், வாக்குமூலமும் கலங்கும். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சான்றாக முன்வைக்க 1999 இலேயே சட்டத்தில் இடம் செய்யப்பட்டதும் இதற்காகத்தான். கேட்டதைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே, திகதி, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். ‘மாமா பாவாடைய இழுத்தாரு’ என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். ‘பாலியல் துன்புறுத்தலுக்கு முயன்றார்’ என்று அழகுபடுத்தக் கூடாது.

பாலியல் வன்முறை நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தால் கடிகாரம் ஓடுகிறது. தொற்றைத் தடுக்கும் சில மருந்துகள் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும். குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் நின்று தடயம் கெட்டுவிடும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை பிள்ளைக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். பொலிஸில் தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உரிமை. சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையொப்பம் கேட்டால், வாசித்துக் காட்டும்படி மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்பதும் கூடப் போனவரின் வேலை.

சுவருக்குக் காது உண்டு, லயத்தில் நிஜமாகவே

இரகசியம் காத்தல் என்பது பிள்ளையின் தகவலைத் தேவைப்பட்டவருக்கு, தேவைப்பட்ட அளவு மட்டும் சொல்வது. அலுவலகத்தில் இது பூட்டுப் போட்ட அலுமாரி, பெயருக்குப் பதில் இலக்கம். லயத்தில் அப்படி முடியாது. ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தால் லயமே பார்க்கும். அதனால் ஒரு வீட்டுக்கு மட்டும் போகாமல் நாலைந்து வீடுகளுக்குப் போவார்கள். வாகனத்தைக் கீழ் ரோட்டில் விட்டுவிட்டு நடப்பார்கள். பிள்ளையுடனான பேச்சை, மற்றவர்கள் பார்க்கக்கூடிய ஆனால் கேட்க முடியாத இடத்தில் வைப்பார்கள். பாடசாலை மைதானத்தின் ஓரம் அதற்கு நல்ல இடம். மூடிய அறையில் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியே இருப்பது எந்த நிறுவனத்தின் விதிப்படியும் தவறு.

தோட்டத் தலைவர் நல்லெண்ணத்தோடுதான் ‘அந்தப் பிள்ளை கேஸ் என்னாச்சு?’ என்று கேட்பார். ‘பாத்துக்கிட்டு இருக்கோம் தலைவரே’ என்பதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

மலை இறங்கும் நாளில்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, வீட்டார் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் சரிந்தபோதும் கோயில்களும் பாடசாலைகளும் ஒரே இரவில் முகாம்களாயின.

இங்கே மூன்று சொற்களைக் கலக்கக் கூடாது. பெற்றோரைப் பிரிந்து, ஆனால் சித்தி, மாமா போன்ற உறவினரோடு இருப்பது பிரிந்த பிள்ளை. எந்தப் பெரியவரின் பொறுப்பிலும் இல்லாதது துணையற்ற பிள்ளை. பெற்றோர் இருவரும் இறந்தது உறுதியானால் மட்டும் அநாதை. முதல் நாளில் ‘அநாதை’ என்று எழுதப்பட்ட பிள்ளையின் தாய் மூன்றாம் நாள் வேறு முகாமிலோ வைத்தியசாலையிலோ இருப்பது தெரியவரலாம்.

முதல் மணித்தியாலங்களில் எழுத வேண்டியவை: பிள்ளை போட்டிருந்த உடுப்பு, கண்டெடுத்த இடம், கொண்டுவந்தவரின் பெயரும் தொலைபேசியும், பிள்ளை தன்னையும் வீட்டாரையும் அழைக்கும் பெயர். சின்னப் பிள்ளைக்கு அம்மாவின் பெயர் ‘அம்மா’தான், ஆகவே லயம், வாத்தியார், வீட்டு நாயின் பெயர் கேட்கலாம். பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டு எல்லா விபரத்தையும் எழுதுவது பெரிய ஆபத்து. அந்த விபரத்தை மனப்பாடம் செய்து யாரும் உரிமை கோரலாம். ஒரு விபரத்தையாவது வெளியே விடாமல் கையில் வைத்திருந்து, வருகிறவரிடம் அதைக் கேட்க வேண்டும். பிறகு பிள்ளையிடம் தனியே கேட்டு ஒப்பிட்டு, நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவே ஒப்படைக்க வேண்டும். ‘நாங்க வளக்கிறோம்’ என்று வாகனத்தோடு வருகிறவர்களும் உண்டு. தத்து நீதிமன்றம் வழியாக மட்டுமே, 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி.

முகாமில் அமைக்கும் விளையாட்டு இடத்துக்குச் சிறுவர் நேய வெளி என்று பெயர். பந்தும் வண்ணப் பென்சிலும் அதில் சிறு பங்கு. பிள்ளைகள் எங்கே, யாரோடு என்று தெரிந்த ஓர் இடம் இருப்பதும், தாய்மார் வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதும், பேசாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை கண்ணில் படுவதும்தான் பெரிய பயன். எத்தனை பிள்ளைகள் என்றாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். தனி ஒருவர் ஒருபோதும் இல்லை. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சமும் கதவுக்கு உட்கொண்டியும் இருக்கிறதா என்று முதல் மாலையே பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர

சமூகப் பணிப் படிப்பு உதவும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் அதற்குப் பட்டமும் டிப்ளோமாவும் உண்டு. தமிழோடு சிங்களம் வேண்டும், மோட்டார் சைக்கிள் லைசன் இருந்தால் நல்லது, பொலிஸ் நற்சான்றிதழ் கட்டாயம். நிறுவனத்தின் நடத்தைக் கோவையில் கையொப்பமிட்ட நாளிலிருந்து நீங்களே கண்காணிக்கப்படுகிறவர். அதற்குக் கோபப்படுகிறவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

நிறுவனம் எதுவும் பக்கத்தில் இல்லாவிட்டால்

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண். 24 மணித்தியாலமும் கட்டணமில்லை. உடனடி ஆபத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. மலையகத்திலிருந்து எடுப்பவர்கள் அடிக்கடி விடும் பிழை முகவரியில். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று டிவிஷன்கள் இருக்கும், வீதிப் பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம், பக்கத்துப் பாடசாலை, கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உட்பட்டது என்பவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளையின் வயது, இப்போது யாரோடு இருக்கிறது, கடைசியாக என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதையும் வேறு வேறாகச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம் கேட்டு அதே துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுத்து ‘என்னாச்சு?’ என்று கேட்க அது வேண்டும்.